நாற்பத்து நாலு புள்ளி ஆறு

என் அக்காவுக்கு எங்கள் தெருவில் பெயர் 'எட்டரை'. காலை எட்டரை மணிக்கு அவள் எங்கே இருப்பாள் என்பது முப்பத்தோரு வருடமாக எல்லாருக்கும் தெரியும், அதனால் வந்த பெயர். வானிலை நிலையத்தில் அவளுக்கு வேலை. புல்தரையின் நடுவே நாலு கால் மேல் நிற்கும் வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் வெப்பமானிகளைப் படித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மழைமானியில் தண்ணீர் இருந்தால் அளக்க வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் கல்யாணத்தன்றுகூட எட்டரைக்கு எழுதிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள். மச்சான் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

வேலை மனிதரை எப்படியெல்லாம் மாற்றும் என்பதற்கு அவளைப் பார்த்தால் போதும். நாமெல்லாம் "அப்பா, என்ன வெயில்" என்போம். அவள் "முப்பத்தெட்டு புள்ளி நாலு" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "மழை வருமா அக்கா?" என்று மதில் மேல் எட்டிக் கேட்டால், "பெய்ஞ்சது எவ்வளவுன்னு கேளு, சொல்றேன். பெய்யப் போறது எனக்குத் தெரியாது" என்று உள்ளே போய்விடுவாள். எதையும் கூட்டியும் சொல்ல மாட்டாள், குறைத்தும் சொல்ல மாட்டாள். என் மனைவி ஆசையாகச் சமைத்து வைத்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், "உப்பு கொஞ்சம் கம்மி" என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். அவளோடு கோபித்துக்கொண்டு பிரயோஜனமில்லை.

எனக்கு அனல்மின் நிலையத்தில் வேலை. நிலக்கரியைக் கொதிகலனுக்குக் கொண்டுபோகும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிறேன், இருபத்திரண்டு வருடமாக. பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்குகிறதா, உருளை சூடாகிறதா, எங்காவது தீப்பொறி தெரிகிறதா என்று முகமூடி போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதுக்குள் கரி இருக்கும்.

அக்காவுக்கு ஒரே மகள். எனக்கு மருமகள். வீட்டுக் கூரைகளில் சூரிய ஒளித் தகடு மாட்டும் வேலை செய்கிறாள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூன்றாவது மாடியில் நின்று போல்ட் முடுக்குவாள். ஆக, தாய்மாமன் கரி, மருமகள் வெயில். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் எங்கள் இருவருக்கும் முட்டிக்கொள்ளாமல் இருக்காது.

"உன் தகடு ராத்திரியில என்ன பண்ணும்?" என்பேன்.

"உங்க கரி ராத்திரி பகல் ரெண்டுலயும் என்ன பண்ணுதோ, அதைப் பண்ணாம சும்மா இருக்கும் மாமா" என்பாள்.

அக்கா இரண்டு பக்கமும் சேர மாட்டாள். "ரெண்டு பேரும் வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க" என்பதோடு அவள் கருத்து முடிந்துவிடும்.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது போன வருடம் வினையாகிவிட்டது. எங்கள் மின் நிலையத்தின் பழைய இரண்டு மின் உற்பத்தி அலகுகளை மூடுவதா வேண்டாமா, சாம்பல் கொட்டிய நிலத்தில் சூரிய மின் பூங்கா அமைப்பதா வேண்டாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்க ஒரு குழு போட்டார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறித்ததும் ஊர் இரண்டாகப் பிளந்தது. முடி வெட்டப் போனால் அங்கே கார்பன், பல் வலிக்கு மருத்துவரிடம் போனால் அங்கே கார்பன். வாயைத் திறந்து உட்கார்ந்திருந்த என்னிடம், "நீங்க கரிதானே?" என்று அவர் கேட்டபோது நான் எப்படிப் பதில் சொல்வது?

மருமகள் மூடச் சொல்லும் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றாள். அவர்கள் ஊர் முழுக்க ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். சிவப்புப் பின்னணியில் பெரிய எழுத்தில் '44.6' என்ற எண். கீழே, 'ஒன்பது வருடத்துக்கு முன்பு, தொடர்ந்து இரண்டு நாள். இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்?' என்ற வாசகம். நல்ல சுவரொட்டிதான். எங்கள் தொழிற்சங்கத்தில் அதற்குப் பதில் சொல்ல ஒருத்தருக்கும் தெரியவில்லை. மூடினால் எண்ணூறு குடும்பம் என்ன செய்யும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது உண்மை. நாற்பத்தொன்பது வயதில் எனக்கு எவன் புதிதாக வேலை கொடுப்பான்? ஆனால் வெயிலில் வாடுகிற மனிதரிடம் அதைச் சொல்லி வாயடைக்க முடியவில்லை.

சுவரொட்டி ஒட்டிய வாரத்தில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவள் இல்லை. என் மனைவி கடைக்குப் போயிருந்தாள். சமையலறையில் உட்கார்ந்து, பையிலிருந்து பதிவேட்டின் ஒரு பக்கத்து நகலை எடுத்து மேசை மேல் விரித்தாள்.

"இந்த ரெண்டாவது நாப்பத்து நாலு புள்ளி ஆறு தப்பு" என்றாள்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவள் நிதானமாக விளக்கினாள். ஒரு நாளின் உச்ச வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி, காய்ச்சலுக்கு வாயில் வைப்போமே அந்தப் பழைய வெப்பமானி போலத்தான். ஏறிய பாதரசம் தானாக இறங்காது. காலையில் படித்து எழுதிய பிறகு, கையில் எடுத்து நன்றாக உதறி இறக்கி வைக்க வேண்டும். உதறிய பிறகு என்ன காட்டுகிறது என்று எழுதவும் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. உதறினால் அது பக்கத்தில் இருக்கும் சாதாரண வெப்பமானிக்குச் சமமாகத்தான் வந்து நிற்கும். அதனால் பழகியவர்கள் அந்தக் கட்டத்தை முன்கூட்டியே நிரப்பிவிட்டு அப்புறம் உதறுவார்கள். அவளும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறாள்.

"புதன்கிழமை வெயில் நெஜமாவே நாப்பத்து நாலு புள்ளி ஆறு. அதை வியாழக்கிழமை காலைல படிச்சேன், எழுதினேன். உதறின கட்டத்தையும் எழுதிட்டேன். கையை நீட்டறேன், உள்ள போன் அடிக்குது. ஸ்கூல்ல இருந்து. பாப்பா காலை வரிசைல நின்னப்போ மயங்கி விழுந்துட்டாளாம். பெட்டியைச் சாத்திட்டு ஓடிட்டேன்."

வியாழன் நடுப்பகலில் மேகம் கூடியிருக்கிறது. மதிய வேளைப் பதிவாளர் இரண்டரை மணிக்கு முப்பத்தொன்பது புள்ளி எட்டு என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்திலேயே அது இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அக்கா பெட்டியைத் திறந்தபோது, உதறாத வெப்பமானி அதே 44.6-ஐக் காட்டிக்கொண்டு நின்றது.

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"பார்த்த உடனே தெரியும்."

"அப்புறம் ஏன்கா எழுதின?"

"பார்த்ததை எழுதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. கருவி அதைத்தான் காட்டுச்சு, எழுதினேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா முந்தின நாள் உதறினேன்னு எழுதியிருக்கேனே, அது பொய்தானே. அதைச் சொல்ல பயந்துட்டேன். மறுநாள் பேப்பர்ல போட்டுட்டாங்க, மேல இருக்கிறவங்க போன் பண்ணிப் பாராட்டினாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஆனால் நகலின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். ஒன்பது வருடம் இதை மனதில் வைத்துக்கொண்டு தினமும் எட்டரைக்கு அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்குப் பாவமாக இருந்தது.

"ஒரு நாள் கணக்கு. யாருக்குத் தெரியப் போகுது? பேசாம இரு. ரிடையர் ஆக இன்னும் ஒரு வருஷம்தானே" என்றேன்.

"பேப்பர்ல வந்தப்போ ஒரு நாளோட போச்சு. இப்போ செவுரு செவுரா ஒட்டியிருக்கு. என் பொண்ணு கையால ஒட்டியிருக்கா. பாக்கலாம்" என்று எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி, "இதை உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள்.

அவள் பேசாமல் இருப்பாள் என்றுதான் நான் நினைத்தேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்க இஷ்டமில்லை. நாலு நாள் கழித்து, வேலை இடைவேளையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எல்லார் முகத்திலும் ஈயாடவில்லை. சங்கச் செயலாளர், "எல்லாத்துக்கும் பதில் இருக்கு. அந்த நாப்பத்து நாலு புள்ளி ஆறுக்குத்தான் நம்மகிட்ட பதில் இல்ல" என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதுல ரெண்டாவது நாள் தப்பு" என்றேன்.

ஏன் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பங்குதான். இருபத்திரண்டு வருடத்தில் அந்த இடத்தில் என்னிடம் யாரும் எதற்கும் பதில் கேட்டதில்லை. பெல்ட்டோடு நடக்கிறவனிடம் கேட்க என்ன இருக்கிறது? அன்று பத்துப் பேர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்கள். அந்த ருசிக்கு நாக்கைக் கொடுத்துவிட்டேன். அக்கா பெயரைச் சொல்லவில்லை, தேதியை மட்டும்தான் சொன்னேன் என்று பிறகு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் எட்டரை மணிக்கு எதிரே இருப்பது ஒரே கையெழுத்து. தேதியைச் சொன்னதும் ஒன்றுதான், பெயரைச் சொன்னதும் ஒன்றுதான். செயலாளர் வானிலை நிலையத்துக்கு முறையாக மனுப் போட்டு அந்தப் பக்கத்தின் நகலை வாங்கிவிட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கூட்டம். பெரிய அரங்கம், பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு பக்கமும் ஒலிவாங்கி. பேச விரும்புகிறவர்கள் வாசலில் டோக்கன் வாங்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம், முடிந்தால் மணி அடிப்பார்கள். மேடையில் குழுவினர் ஐந்து பேர். முன்வரிசையில் அழைக்கப்பட்ட அதிகாரிகள், அவர்களில் அக்காவின் மேலதிகாரியும் ஒருவர். நான் எங்கள் ஆட்களோடு இடது பக்கம். அக்கா வலது பக்கம் கடைசி வரிசைக்கு முன்வரிசையில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மருமகளுக்குப் பதினாலாம் எண். நன்றாகப் பேசினாள். எண்ணூறு குடும்பத்தையும் விட்டுவிட்டுப் பேசவில்லை. மூடுவதற்கு முன்பே மாற்று வேலைக்குப் பயிற்சி, எழுத்தில் உறுதிமொழி என்று கேட்டாள். ஆனால் 44.6 என்ற எண்ணை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஊரெல்லாம் ஒட்டிவிட்டு ஏன் விட்டுவிட்டாள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. அவள் இறங்கிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை.

இருபத்திரண்டாம் எண் எங்கள் செயலாளர். சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்து உயர்த்திக் காட்டினார். தேதியைச் சொன்னார். மதியம் இரண்டரைக்கு என்ன இருந்தது, மறுநாள் காலையில் என்ன எழுதப்பட்டது என்று படித்தார். "இதை எழுதின கை யாரோடது தெரியுமா? இப்போ இங்க வந்து பேசிட்டுப் போச்சே அந்தப் பொண்ணு, அவங்க அம்மாவோடது! தாய் எழுதற பொய்யை மகள் ஊரெல்லாம் ஒட்டறா. இதை நம்பி எங்க அடுப்பை அணைக்கணுமாம்!"

அரங்கமே எழுந்து கத்தியது. எங்கள் பக்கம் கைதட்டல் காதைப் பிளந்தது. என் பக்கத்தில் இருந்தவன் என் முதுகில் தட்டினான்.

குழுத் தலைவர் மேசையைத் தட்டி, "அந்தப் பதிவாளர் இங்க இருக்காங்களா?" என்று கேட்டார். அக்கா எழுந்தாள். கையில் டோக்கன் இருந்தது. முப்பத்தொன்று. இன்னொரு கையில் இரண்டு தாள்.

"இதைச் சொல்லத்தான் டோக்கன் வாங்கியிருக்கேன்" என்றாள்.

அரங்கம் சிரித்தது. சும்மா சிரிக்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தது. "மாட்டினதுக்கு அப்புறமா?" என்று யாரோ கத்தினார்கள். "நெஜமாத்தான்! நேத்தே என்கிட்ட சொல்லிட்டாங்க! அதனாலதான் நான் அந்த நம்பரைச் சொல்லலை!" என்று மருமகள் தொண்டை கிழியக் கத்தினாள். அதற்கும் சிரித்தார்கள். பிடிபட்ட பிறகு யார்தான் அப்படிச் சொல்ல மாட்டார்கள்?

அக்கா சிரிப்பு ஓயும்வரை நின்றாள். பிறகு படித்தாள். அந்த வியாழக்கிழமை தான் உதறவில்லை, உதறியதாக எழுதியது பொய், வெள்ளிக்கிழமை எழுதிய எண் தப்பு. ஏன் உதறவில்லை என்று தலைவர் கேட்டார். "மறந்துட்டேன்" என்றாள். பள்ளிக்கூடத்து போனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிச் சிரிப்பாவது அடங்கியிருக்கும். எனக்கு அவள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அப்போ முப்பது வருஷக் கணக்கும் பொய்தானா?" என்று செயலாளர் கேட்டார்.

"இல்லீங்க. ஒரு நாள் பொய். நான் வேலைக்கு வந்த முதல் பத்து வருஷத்துல, நாப்பது டிகிரிக்கு மேல போன நாள் மொத்தம் தொண்ணூத்தி நாலு. கடைசிப் பத்து வருஷத்துல இருநூத்தி எழுபத்தி ஒண்ணு. இந்த நாளை எடுத்துட்டா இருநூத்தி எழுபது. மத்ததுக்கெல்லாம் ரெண்டு நேரப் பதிவும் ஒத்துப் போகுதான்னு இந்த மூணு வாரமா உக்காந்து பார்த்துட்டேன். யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம்."

மணி அடித்தார்கள். மூன்று நிமிடம் முடிந்திருந்தது. அவள் இரண்டாவது தாளை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அது அவள் முந்தின நாளே எழுதி வைத்திருந்த ஒப்புதல் கடிதம். முதலில் அலுவலகத்தில் கொடுத்தால் அலமாரிக்குள் போய்விடும், எண்ணை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். முப்பத்தொன்றாம் எண் வரும்வரை பொறுத்தது அவள் தப்பு. இருபத்திரண்டாம் எண்ணுக்குத் தீனி போட்டது நான்.

பிறகு நடந்தது எல்லாம் சாதாரணமாக நடந்தது. குழு அறிக்கை கொடுத்தது. ஓர் அலகை உடனே மூடலாம், இன்னொன்று நாலு வருடம் ஓடலாம் என்றது. அறிக்கையில் அக்காவின் அட்டவணை இருந்தது, அந்த ஒரு நாளை நீக்கிவிட்டு. எங்கள் ஆட்களும் திட்டினார்கள், அந்தப் பக்கத்து ஆட்களும் திட்டினார்கள். எனக்கு ஓடும் அலகில் வேலை கிடைத்தது. சுவரொட்டிகளின் மேல் வேறு சுவரொட்டி ஒட்டினார்கள்.

அக்காவுக்கு அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் வழக்கம்போல நான் அங்கே சாப்பிடப் போனேன். தாள் மேசை மேலேயே கிடந்தது, படித்தேன். 'பொய்ப் பதிவு செய்ததை, பொதுமேடையில் பிறரால் அம்பலப்படுத்தப்பட்ட பிறகே ஒப்புக்கொண்டார்' என்று எழுதியிருந்தது. தானாக முன்வந்து சொல்லியிருந்தால் எச்சரிக்கையோடு விட்டிருப்பார்களாம், அதையும் எழுதியிருந்தார்கள். இனி அவள் பதிவு எடுக்கக் கூடாது. ஓய்வு பெறும்வரை தபால் பிரிவில் இருக்க வேண்டும்.

மருமகள் சாப்பிடாமல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "பிறரால் அம்பலப்படுத்தப்பட்ட பிறகு! அம்மா, நீ மூணு வாரம் கண்ணு வலிக்க உக்காந்து சரி பார்த்தியே. ஒன்பது நம்பர், வெறும் ஒன்பது நம்பர் முந்திட்டான் அந்த ஆளு. அவனுக்கு எப்படித் தெரிஞ்சது? தேதி கரெக்டா எப்படிக் கெடச்சது?" பிறகு என்னைப் பார்த்தாள். "மாமா, உங்க சங்கம்தானே. யார் சொன்னாங்கன்னு நீங்க விசாரிக்கவே இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அவனை ஏன் கேக்கற? நான்தான் ஆபீஸ் டீக்கடையில வாய் தவறி உளறிட்டேன். பக்கத்துல யார் நின்னாங்களோ" என்றாள் அக்கா.

"உளறினியா? நீயா?"

"ஆமா. வயசாகுது இல்ல."

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். புத்தி எங்கே போச்சு, உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயே என்று அம்மாவைத் திட்ட ஆரம்பித்தாள். அக்கா ஒன்றும் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா என் தட்டைப் பார்த்தாள்.

"ஆறிடப் போகுது. சாப்பிடு" என்றாள்.

சாப்பிட்டேன்.